யாருடைய கைமணம்?

அமெரிக்கத் தென்மாநிலங்களின் வீட்டுச் சமையலைப் பற்றிய நினைவுக்குறிப்புகளில் ஒரு பாட்டி தவறாமல் வந்துவிடுவார். வார்ப்பிரும்பு வாணலியில் சுட்ட மக்காச்சோள ரொட்டி, உப்பிட்ட பன்றி இறைச்சியுடன் நெடுநேரம் வெந்த கீரை, மோரில் ஊறிய கோழியின் வறுவல், ஞாயிறு வழிபாடு முடிந்து வந்து மேசையைச் சுற்றி அமரும் குடும்பம். இவற்றை வாசித்து நெகிழும் நண்பர்கள் எனக்கு உண்டு. நெகிழட்டும், ஆட்சேபமில்லை. ஆனால் அந்த நெகிழ்ச்சியின் மேல் ஏறி நின்றுகொண்டு ‘உணவில் அரசியலைக் கலக்காதீர்கள், சுவைக்கு இனமில்லை’ என்று உபதேசிக்கத் தொடங்கும்போது மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த உணவில் அரசியலைக் கலந்தவர்கள் விமர்சகர்கள் அல்லர். அடுப்பு மூட்டப்பட்டபோதே அது கலந்துவிட்டது.

‘குடும்பச் சமையல்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். தாமஸ் ஜெஃபர்சன் 1784இல் பாரிஸுக்குச் சென்றபோது ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்ற இளைஞரை, பிரெஞ்சுச் சமையல் கற்பிப்பதற்காக, உடன் அழைத்துச் சென்றார். ஹெமிங்ஸ் அவருடைய அடிமை. அது மட்டுமல்ல, ஜெஃபர்சனின் மனைவி மார்த்தாவின் தந்தைக்கும் அவருடைய அடிமைப் பெண்ணான எலிசபெத் ஹெமிங்ஸுக்கும் பிறந்தவர் என்பதை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். தமிழில் இந்த உறவுக்குப் பெயர் மைத்துனன். மைத்துனனை உடைமையாக வைத்திருந்த மனிதர், தான் விரும்பும் ஒருவருக்குச் சமையலைக் கற்பித்துத் தேர்ச்சி பெறச் செய்தால் விடுதலை தருவதாக 1793இல் எழுதிக் கொடுத்தார். ஹெமிங்ஸ் தன் தம்பி பீட்டருக்குக் கற்பித்துவிட்டு 1796இல் விடுதலை பெற்றார். தம்பி அடிமையாகவே அடுப்படியில் நின்றார். 1801இல் ஜேம்ஸ் தற்கொலை செய்துகொண்டார்.

ஜெஃபர்சனின் கையெழுத்தில் ஐஸ்கிரீம் செய்முறை ஒன்று இன்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. அதைக் காட்டி அவரை ரசனையாளர் என்று கொண்டாடுவார்கள். ஹெமிங்ஸ் தன் கையால் எழுதிய ஒரு தாளும் எஞ்சியிருக்கிறது. அது, போகும் முன் அவர் கணக்கு ஒப்படைத்த சமையலறைப் பாத்திரங்களின் பட்டியல்.

‘எங்கள் பாட்டியின் கையெழுத்துக் குறிப்பேடு இருக்கிறதே’ என்பார்கள். இருக்கும். மேரி ராண்டால்ஃபின் ‘தி வர்ஜீனியா ஹவுஸ்வைஃப்’ 1824இல் வந்தது. சாரா ரட்லெட்ஜின் ‘தி கரோலினா ஹவுஸ்வைஃப்’ 1847இல் வந்தது. இரண்டும் எசமானி வர்க்கத்துப் பெண்கள் எழுதியவை. அவர்கள் உலகில் அடுப்படி அடிமைகளின் இடம். அந்த அடிமைகள் ஏன் புத்தகம் எழுதவில்லை என்று கேட்பவர்களுக்குச் சட்டப் புத்தகத்தில் விடை உண்டு: தென் கரோலினாவில் அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதை 1740ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. 1834இல் வாசிக்கக் கற்பிப்பதும் குற்றமாயிற்று. பேனாவை ஒருத்தியிடமும் கரண்டியை இன்னொருத்தியிடமும் கொடுத்துவிட்டு, எழுதியவளே சமைத்தவள் என்று முடிவு கட்டுவது என்ன நியாயம்?

பேனா இல்லாதவர் புத்தகம் போட்ட அபூர்வமான கதையும் உண்டு. தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்த ஆபி ஃபிஷர், பின்னாளில் சான்பிரான்சிஸ்கோவில் ஊறுகாயும் பழப்பாகுகளும் செய்து விற்றுப் பரிசுகள் பெற்றவர். அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதி 1881இல் அவருடைய சமையல் நூல் வெளிவந்தது. தனக்கும் கணவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது என்பதை முன்னுரையிலேயே சொல்கிறார். ‘சக்கோட்டாஷ்’ என்ற சோளமும் மொச்சையும் சேர்ந்த பண்டம் அந்நூலில் ‘சர்க்கிட் ஹாஷ்’ என்று அச்சாகியிருக்கிறது. எழுதியவர்களின் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. ஒரு பிழை ஒரு குரலை இத்தனை தெளிவாகக் காப்பாற்றி வைத்திருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. கறுப்பினப் பெண்ணின் முதல் சமையல் நூல் இதுவே என்று நீண்டகாலம் கருதப்பட்டது. சுதந்திரமானவராகவே பிறந்த மலிண்டா ரஸ்ஸல் 1866இல் மிச்சிகனில் வெளியிட்ட சிறுநூல் இந்த நூற்றாண்டில்தான் பரவலாகத் தெரியவந்தது.

பொருட்களைப் பார்த்தாலும் இதே கதைதான். கம்போ என்ற குழம்பின் பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் பாண்டு மொழிச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். (நம் வீடுகளில் வெண்டைக்காயின் கொழகொழப்பைப் போக்கப் பெரும்பாடு படுகிறோம். அங்கே குழம்பைக் கெட்டியாக்குவது அதுதான்.) புத்தாண்டு அன்று அரிசியோடு சேர்த்துச் சமைக்கும் ‘ஹாப்பின் ஜான்’ என்ற உணவில் இருப்பது நம் தட்டைப்பயறின் இனம். அதன் தாயகம் ஆப்பிரிக்கா. கரோலினாவின் நெல் வயல்களை உருவாக்கிய அறிவே மேற்கு ஆப்பிரிக்கர்களுடையது என்று ஜூடித் கார்னி 2001இல் ‘பிளாக் ரைஸ்’ நூலில் வாதிட்டார். அறிவு எவ்வளவு தூரம் அவர்களுடையது என்பதில் அவரோடு மோதிய வரலாற்றாசிரியர்கள் உண்டு. சேற்றில் இறங்கிய உழைப்பு யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த உழைப்பாளிகள் உண்டது என்ன? மேரிலாந்துப் பண்ணையில் தன்னோடு இருந்தவர்களுக்கு மாதப்படியாக 8 பவுண்டு பன்றி இறைச்சியும் ஒரு புஷல், அதாவது சுமார் 35 லிட்டர், சோளமாவும் கிடைத்ததாக ஃபிரெடெரிக் டக்ளஸ் 1845இல் எழுதுகிறார். மீதிச் சுவையெல்லாம் அவர்கள் தோட்டத்திலும் இரவிலும் தேடிக்கொண்டது.

எல்லா வெள்ளையர் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்களா என்ற கேள்வி நியாயமானது. இல்லை. 1860இல் தென்மாநிலங்களின் வெள்ளையர் குடும்பங்களில் ஏறக்குறைய கால்வாசியே அடிமைகளை வைத்திருந்தன. ஏழை வெள்ளைக்காரப் பாட்டி தானே சமைத்தாள், அவளுடைய அன்பும் உண்மை. ஆனால் நினைவுக்குறிப்புகளில் நிரம்பி வழியும் மேசை அவளுடையதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோளமாவு, பன்றிக்கொழுப்பு, கரும்புப்பாகு என்று மட்டுமே உண்டு வாழ்ந்த ஏழைகளைப் பெலாக்ரா என்ற நோய் வாட்டியது. அது தொற்றல்ல, உணவுக் குறைபாடு என்று ஜோசஃப் கோல்ட்பர்கர் 1915இல் மிசிசிப்பிச் சிறைக்கைதிகளிடம் சோதித்துக் காட்டியபோது, தெற்கின் பெருமை புண்பட்டுவிட்டதாகப் பலர் கொதித்தார்கள். ஆக, எழுத்தில் வரும் பாட்டி இருவரைக் கலந்து செய்யப்பட்டவள். மேசை எசமானியுடையது, கைகள் ஏழையுடையவை. நடுவிலிருந்த கறுப்பினச் சமையல்காரி கரைந்துபோனாள்.

முழுமையாகக் கரையவில்லை, அட்டைப்பெட்டியில் ஏறினாள். 1889இல் தொடங்கிய ‘ஆண்ட் ஜெமிமா’ பான்கேக் மாவுக்கு, 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்த வேடமிட்டுச் சிரித்தவர் கென்டக்கியில் அடிமையாகப் பிறந்த நான்சி கிரீன். அவர் 1923இல் இறந்தார். 2020வரை அவர் கல்லறையில் பெயர்க்கல் இல்லை. அதே 2020இல் அந்த முத்திரையைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தபோது, ‘எங்கள் குழந்தைப்பருவ நினைவை அழிக்கிறார்கள்’ என்று புலம்பியவர்கள் ஏராளம். அவர்கள் இழந்ததாகச் சொல்வது ஒரு விளம்பரத்தை. அதைத் தங்கள் நினைவு என்று நம்பும் அளவுக்கு அது வேலை செய்திருக்கிறது.

நினைவேக்கமே கூடாது என்பதல்ல என் தரப்பு. பொய்யில்லாத நினைவேக்கத்துக்கு எட்னா லூயிஸ் இருக்கிறார். 1916இல், விடுதலை பெற்ற அடிமைகள் உருவாக்கிய ஃபிரீடவுன் என்ற வர்ஜீனியச் சிற்றூரில் பிறந்தவர். அந்த ஊரை அமைத்தவர்களில் அவருடைய தாத்தாவும் ஒருவர். 1976இல் வெளிவந்த ‘தி டேஸ்ட் ஆஃப் கண்ட்ரி குக்கிங்’ நூலில் பருவங்கள் வருகின்றன, அறுவடை வருகிறது, பன்றி அறுக்கும் நாள் வருகிறது, அத்தையும் பாட்டியும் வருகிறார்கள். சுவைக்கு எங்கும் பஞ்சமில்லை. இலையுதிர்காலப் பகுதியில், கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கொடுக்கும் அதே நிதானத்தோடு, அடிமைத்தளை அறுந்த விடுதலை நாளின் விருந்துக்கும் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்.