கூடலும் குரலும்

தமிழ் இல்லங்களில் தாம்பத்தியம் பெரும்பாலும் ஓசையின்றி நிகழ்வது. ஒற்றை அறை, மெல்லிய சுவர், அடுத்த பாயில் உறங்கும் பிள்ளைகள், கூடத்தில் மாமியார் எனக் காரணங்கள் பல. ஆயினும் தனியறையும் தாழ்ப்பாளும் வாய்த்த பின்னரும் அம்மௌனம் கலையவில்லை என்பதே நம் கவனத்துக்குரியது. வெளியே கேட்டுவிடுமோ என்ற அச்சம், அருகில் இருப்பவரிடமும் எதையும் சொல்லலாகாது என்ற ஒழுக்கமாக இறுகிவிட்டது.

நம் மரபு இவ்விஷயத்தில் இத்தனை ஊமையாக இருந்ததில்லை. வள்ளுவர் களவியலில் ‘குறிப்பறிதல்’ (110) என்றோர் அதிகாரம் வைத்தார்; கற்பியலில் ‘குறிப்பறிவுறுத்தல்’ (128) என்று மற்றொன்றை வைத்தார். மணத்துக்கு முன் குறிப்பை அறிவது போதும், மணத்துக்குப் பின் அதை உணர்த்தவும் வேண்டும் என்று இவ்வைப்புமுறையை நாம் வாசிக்கலாம். நூலின் இறுதி மூன்று அதிகாரங்களும் ஊடலைப் பற்றியவை. பிணங்குவதற்கான உரிமையும் அங்கே காதலின் பகுதியாகிறது.

வாத்ஸ்யாயனரின் காமசூத்திரமோ கூடலின் ஒலிகளை விரிவாகவே பேசுகிறது. புறா, குயில், கிளி, வண்டு என்று பெண்ணின் குரலுக்கு உவமைகள் அடுக்குகிறது. அவற்றோடு ‘அம்மா’, ‘விடு’, ‘போதும்’ என்னும் பொருளுடைய சொற்களையும் சேர்த்துவிடுகிறது. இவ்விடத்தில்தான் நாம் அந்நூலோடு முரண்பட வேண்டியிருக்கிறது. ‘போதும்’ என்பது பொருளுள்ள சொல். அதை இன்பத்தின் அணியாகக் கேட்டுப் பழகிய செவிக்கு மெய்யான மறுப்பும் அணியாகவே ஒலிக்கும்.

சட்டத்தின் செவியும் இதில் கூர்மையானதன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு, 18 வயது நிரம்பிய மனைவியோடு கணவன் கொள்ளும் உறவு வன்புணர்ச்சியாகாது என்னும் விதிவிலக்கைப் பழைய சட்டத்திலிருந்து தொடர்கிறது. அப்பழைய விதிவிலக்கு செல்லுமா என்ற வழக்கில் 2022 மே மாதம் தில்லி உயர்நீதிமன்ற நீதிபதிகள் இருவர் இருவேறு தீர்ப்புகளை எழுதினர்.

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) நாவலில் பெண்கள் இவை குறித்துத் தயக்கமின்றிப் பேசுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் தமக்குள்ளேதான். தோழிக்குச் சொல்ல முடிந்தது கணவனை எட்டுவதில்லை. சங்கத் தலைவிக்காவது அவள் மனத்தைத் தலைவனிடம் எடுத்துரைக்க ஒரு தோழி இருந்தாள்.

நமது கருத்து இதுதான். தன் இன்பத்தைச் சொல்லத் துணியும் பெண்ணை ‘இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும்’ என்று ஐயுறும் வீட்டில், அவளது வலிக்கும் குரல் இராது. ‘வேண்டும்’ என்பதற்கு இடமில்லாத கட்டிலில் ‘வேண்டாம்’ என்பதற்கும் இடமில்லை. ‘உனக்குப் பிடித்திருக்கிறதா?’ என்று கேட்பதும், வரும் விடை எதுவாயினும் அதை ஏற்பதும் கணவனின் ஆண்மைக்கு இழுக்கல்ல. தாம்பத்தியத்தின் முதல் மரியாதை அது.