நிழலுக்கு யார் கூலி கொடுப்பது?

வளிமண்டலவியல் திணைக்களத்தின் வெப்ப எச்சரிக்கை இப்போது கைத்தொலைபேசிக்கே வந்துவிடுகிறது. பங்குனி பிறந்தால் வடமாகாணத்தின் பெயர் அதில் அடிக்கடி இருக்கும். ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் நிற்கும் நாட்களில் கேட்கவே வேண்டாம். வேலைத்தளங்களுக்கென்று அதில் தனியாக ஒரு வரியும் உண்டு: நிறையத் தண்ணீர் குடியுங்கள், இயன்றளவு அடிக்கடி நிழலில் ஓய்வெடுங்கள்.

நல்ல அறிவுரைதான். ஆனால், ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசிக் கல் அரிபவருக்கும், மூடைக் கணக்கில் கச்சான் பிடுங்குபவருக்கும் நிழலில் இருக்கிற அரைமணி நேரம் கூலியில்லாத அரைமணி நேரம். அந்தக் கூலியை யார் கொடுப்பது? முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டானில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.

வெயில் சுடும் என்று இவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. தெரியவேண்டியது வேறு. தலைசுற்றினால் பித்தம் என்று சொல்லி, ஒரு பிளேன்ரீயைக் குடித்துவிட்டு மறுபடியும் வெயிலில் இறங்குகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தலைசுற்று, குமட்டல், தசைப்பிடிப்பு என்றால் அன்றைக்கு அந்த ஆளுக்கு வேலை போதும். பேச்சுத் தடுமாறினால், நிதானம் தப்பினால், அது உயிராபத்து. நிழலுக்குத் தூக்கி, உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே அம்புலன்ஸுக்கு 1990 இலக்கத்தில் அழைக்க வேண்டும். மயங்கியவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பெண்களின் பாடு இன்னும் மோசம். போருக்குப் பின் குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்கள் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏராளம். நாட்கூலி வேலைகளில் அவர்கள்தான் முன்னுக்கு நிற்கிறார்கள். வேலை செய்யும் இடத்தில் மலசலகூடம் கிடையாது. ஒதுங்க இடமில்லாதபோது என்ன செய்வார்கள்? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். அந்த எச்சரிக்கையை எழுதியவர் இதை யோசித்திருக்க மாட்டார். வடமத்திய மாகாணத்தை வாட்டி, வவுனியா, முல்லைத்தீவு வரைக்கும் காணப்படுகிற சிறுநீரக நோய்க்குச் சந்தேகிக்கப்படும் காரணங்களில் நீரிழப்பும் வெயில் உழைப்பும் உண்டு என்பதை இங்கே மறந்துவிட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைக்குள் காற்றோட்டம் கேட்கிறது. வயலும் கச்சான் தோட்டமும் அதற்குள் வருவதில்லை. நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் கட்டாரிலோ, 2021 விதிப்படி ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணி தொடக்கம் பிற்பகல் 3.30 வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது. கேரளத்தில் கோடையில் நண்பகல் 12 முதல் 3 வரை வெயில் வேலைக்குத் தடை. மகனுக்குப் பாலைவனத்தில் கிடைக்கிற ஓய்வு தாய்க்கு ஒட்டுசுட்டானில் இல்லை.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். வன்னியின் கண்ணிவெடி அகற்றும் தளங்களைப் பாருங்கள். வேலைக்கு இடையில் ஒழுங்கான ஓய்வு, மருத்துவ உதவியாளர், ஆயத்தமாக நிற்கும் வண்டி எல்லாம் உண்டு. அதே மண், அதே வெயில், அதே ஊர்ப் பெண்கள். அங்கே முடிகிறதென்றால் வீதி வேலையில் ஏன் முடியாது?

விடியமுன் தொடங்கினால் என்ன என்று கொழும்பிலிருந்து கேட்பார்கள். முத்தையன்கட்டுப் பக்கம் இருட்டில் வேலைக்குப் போகிறவர் முதலில் யானையைத் தாண்ட வேண்டும். ஆகவே வெளிச்சம் வந்தபின் தொடங்கி, 11 மணிக்கு நிறுத்தி, 3.30க்குப் பிறகு தொடர்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். நிறுத்திய நேரத்துக்காக நாட்கூலி வெட்டப்படக் கூடாது.

அரச பணத்தில் நடக்கும் வேலைகளில் இதை நாளைக்கே தொடங்கலாம். வீதி, வாய்க்கால், கட்டட வேலைகளின் மதிப்பீட்டில் நிழற்கொட்டில், சுத்தமான குடிநீர், நீரிழப்புக்குக் கொடுக்கும் ஜீவனிப் பொதி, தற்காலிக மலசலகூடம் ஆகியவற்றுக்குத் தனிச் செலவு காட்டப்பட வேண்டும். அவை இல்லாத தளத்தில் கொந்தராத்துக்காரருக்குப் பட்டியல் பணம் விடுவிக்கக் கூடாது. தனியார் காணிகளுக்குக் கமக்காரர் அமைப்புகள் கூடி நேரத்தையும் கூலியையும் தீர்மானிக்கலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் நுளம்பு தேடிப் போகிற வழியில் வேலைத்தளத்தில் தண்ணீர்க் குடத்தையும் எட்டிப் பார்க்கட்டும். பங்குனிக்கு முன்னர் கூடும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் இது தீர்மானமாக வரவேண்டும். அதைக் கொண்டுவருவது யார் என்று பிரதேச செயலகமும் பிரதேச சபையும் இப்போதே பேசி முடிக்கட்டும்.