சொதியும் மோட்டார் மெருகும்

கல்லடியில் வாழ்வோருக்கு உப்பின் குணத்தை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. 1924ஆம் ஆண்டில் எழுந்த எமது பழைய இரும்புப் பாலம் எத்தனை ஆண்டுகள் உப்பங்காற்றோடு போராடிற்று என்பதை யாவரும் அறிவர். வாசலில் நிறுத்திய மோட்டார் வண்டியை அடிக்கடி நன்னீரால் கழுவாதவர், அதன் கதவின் அடிவிளிம்பில் விரைவிலே துருவைக் காண்பர்.

நமக்குக் காற்று கொண்டுவரும் உப்பைக் கனடா நாட்டினர் தாமே தெருக்களில் தூவுகின்றனர். உப்புக் கலந்த நீர் 0 பாகை செல்சியசில் உறைவதில்லை. ஆதலால் வீதியில் படிந்த பனிக்கட்டியை இளக்க உப்பு உதவுகிறது. அதே உப்பு வண்டியின் அடித்தகட்டையும் அரிக்கிறது. வண்டியைப் பேணுதல் மிகவும் வேண்டப்படும் காலம் அங்கே குளிர்காலமே.

ரொறன்ரோ நகரில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் ஓர் ஐயம் எழுப்பியிருந்தார். “ஐயா, கோடையில் வாங்கிய மெருகுத் திரவத்தை வண்டிக் கொட்டகையில் வைத்திருந்தேன். குளிரில் உறைந்துவிட்டது. வீட்டினுள் வைத்து உருக்கினேன். இப்பொழுது தண்ணீர் வேறாகவும் கட்டி வேறாகவும் நிற்கிறது. குலுக்கினால் சரிவருமா?” என்பது அவர் வினா.

இதற்கான விடை அவருடைய தாயாரின் அடுக்களையிலேயே இருக்கிறது. தேங்காய்ப்பால் என்பது நீரிலே நுண்ணிய எண்ணெய்த்துளிகள் பரவிநிற்கும் கலவை. சொதியை மிகக் கொதிக்கவிட்டால் அது திரிந்துபோகும் அல்லவா? மெருகுத் திரவங்களிற் பலவும் இத்தகைய கலவைகளே. கொதிப்பு செய்யும் கேட்டைக் கடுங்குளிரும் செய்யும். நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பருக்கிறது. வளர்ந்துவரும் பனிப்படிகங்கள் எண்ணெய்த்துளிகளை ஒருபுறம் நெருக்கித் தள்ள, அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெருந்துளிகளாகின்றன. பின்னர் பனி உருகினாலும் அத்துளிகள் தாமாகப் பிரிந்து பழைய நிலையை அடையா. குலுக்கினால் சிறிதுநேரம் கலந்ததுபோலத் தோன்றும்; அவ்வளவே. மெருகில் உள்ள தேய்ப்புத்தூளும் கட்டிபட்டிருப்பின் வண்டியின் வர்ணத்திலே கீறல் விழும். ஆகவே அதனை எறிந்துவிடுமாறு மறுமொழி எழுதினேன்.

உறைந்தவை யாவும் கெட்டவை என்று கொள்ளவேண்டா. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையிலேயே இறுகத் தொடங்குகிறது. இளஞ்சூடு பட்டதும் குறைவின்றி உருகுகிறது. நீர் கலவாத மெழுகுப் பசையும் அவ்வாறே மீளும். சவர்க்காரத் திரவம் குளிரில் கலங்கித் தடித்தாலும் வெதுவெதுப்பில் வைத்துக் கலக்கினால் பெரும்பாலும் தெளியும். மாணவர்கள் ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெயும் மற்றொன்றில் தேங்காய்ப்பாலும் ஊற்றி, ஓரிரவு குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் வைத்து, மறுநாள் உருக்கிப் பார்ப்பாராக. இறுகுதல் வேறு, முறிதல் வேறு என்பது கண்கூடாகப் புலனாகும்.

இனி, பொருள் நட்டத்தினும் பெரியதொன்றைச் சொல்லவேண்டும். வண்டியின் முன்கண்ணாடியைக் கழுவும் நீர் ஓடும்போது கண்ணாடியிலேயே உறைந்தால் ஓட்டுபவரின் பார்வை மறையும், விபத்து நேரும். இதனைத் தடுக்கவே குளிர்நாடுகளில் மெதனோல் கலந்த திரவத்தைப் பயன்படுத்துகின்றனர். அது குளிரில் உறையாது. ஆயின் கொடிய நஞ்சு. சிறிதளவு உட்கொண்டாலும் கண்பார்வையைப் பறிக்கும், உயிரையும் போக்கும். பெரும்பாலும் அழகிய நீலநிறத்தில் இருப்பதால் குழந்தைகளுக்கு அது சர்பத்துப்போலத் தோன்றக்கூடும். கொட்டகையிலிருந்து குளிருக்குத் தப்புவிக்கவேண்டியவை மெருகும் சவர்க்காரமும் மட்டுமே. உறையாத அந்த நஞ்சை வீட்டினுள் கொண்டுவர வேண்டிய தேவையே இல்லை. குடிநீர்ப் போத்தலில் அதனை ஒருபோதும் ஊற்றிவைத்தல் ஆகாது.

மாணவருக்கு எழுதிய மடலில் இதையே இருமுறை எழுதினேன். அவர் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று உண்டு.