எரித்தது எங்கே போனது?

மெக்னீசிய நாடாவை இடுக்கியில் பிடித்துப் பற்றவைத்தால் கண் கூசும் வெள்ளொளி. பிறகு கிண்ணத்தில் வெண்பொடி. நாடாவைவிடப் பொடிதான் கனம் என்றால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எளிதில் நம்புவதில்லை. எரிந்தால் குறையத்தானே வேண்டும்? ஆனால் 24 கிராம் மெக்னீசியம் காற்றிலிருந்து 16 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 40 கிராம் ஆக்சைடு ஆகிறது. எந்த அணுவும் காணாமல் போவதில்லை. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் லவாய்சியர் தராசு வைத்து நிலைநாட்டியது இதைத்தான்.

இந்தப் பொருண்மை அழியா விதி, மின்சாரம் பற்றிய எல்லா விவாதங்களுக்கும் முதல் அளவுகோல். வகுப்பறையோ பெரும்பாலும் நாடாவோடு நின்றுவிடுகிறது.

நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் எண்ணூரைப் பார்ப்போம். நிலக்கரியில் இருக்கும் 12 கிலோ கார்பன் முழுவதும் எரிந்தால் 32 கிலோ ஆக்சிஜனோடு கூடி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. எரியாத கனிமம் சாம்பலாக மிஞ்சுகிறது. இந்திய நிலக்கரியில் அது பெரும்பாலும் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் நீரில் கலக்கப்பட்டுக் குழாய் வழியே செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகும். குழாய் கசிந்த இடங்களில் அது கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. இறால் தேடி ஆற்றில் இறங்கும் மீனவரின் காலில் சேற்றோடு சாம்பல் களியும் ஒட்டியது. அணு எங்கேயும் மறையாது என்ற பாடத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நெய்வேலியில் கணக்கு வேறு. பழுப்பு நிலக்கரியில் சாம்பல் குறைவு, ஆனால் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். அதை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பங்கு போய்விடும். சுரங்கத்தின் அடியிலிருந்து அழுத்தத்தோடு எழும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைக்க வேண்டும். மேலே இருந்த விளைநிலமும் போகிறது.

கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்திலும் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளிலும் மின்சாரம் எடுக்கும்போது புகையும் இல்லை, சாம்பலும் இல்லை. பெரிய ஆதாயம் இது. அதற்காக அவற்றுக்குச் செலவே இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது. சூரியத் தகட்டுக்கான சிலிக்கானைப் பிரிக்க, குவார்ட்சைக் கார்பனோடு உலையில் சூடாக்குகிறார்கள். அங்கும் கார்பன் வாயுவாகத்தான் வெளியேறுகிறது. பொழுது சாய்ந்தால் தகடு ஓய்ந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று அடங்கினால் காற்றாலையின் வேகமும் தணியும். இடைவெளியை நிரப்பும் பேட்டரிக்கு லித்தியம் தோண்ட வேண்டும்.

இதைக் கேட்டு, 'எல்லாவற்றிலும் குறை உண்டு' என்று கைவிரிப்பது தவறு. தகடு ஒருமுறை செய்தால் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும்; அனல்மின் நிலையத்துக்கோ அன்றாடம் புதிதாக நிலக்கரி வேண்டும். அளவு தெரிந்தால் எது பெரிய குறை, எது சிறிய குறை என்று பிள்ளைகளே பிரித்துச் சொல்வார்கள்.

பாடநூல் எழுதுவோர் வேதியியல் பாடத்தில் இரண்டு பாடவேளையை இதற்கு ஒதுக்க வேண்டும். எண்ணூர்ப் பிள்ளைகள் சாம்பலையும், நெய்வேலிப் பிள்ளைகள் ஈரத்தையும், கமுதிப் பிள்ளைகள் சிலிக்கானையும் கணக்கிடட்டும்.