பிணத்தை எரிக்க என்ன அவசரம்?

கலியாணமாகி இரண்டு வருஷமான ஒரு பெண் விடியற்காலையில் செத்துக் கிடக்கிறாள் என்றால், முதலில் கேட்க வேண்டியது "எப்படிச் செத்தாள்?" என்பதேயாகும். ஆனால் நம் ஜனங்கள் கேட்பதோ "எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?" என்பதுதான். "வயிற்று வலி" என்பார் ஒருவர். "காத்துக் கருப்பு" என்பார் மற்றொருவர். "அவள் தலையெழுத்து" என்று புரோகிதர் முடித்துவிடுவார். பெற்ற தாய் பஸ் பிடித்து வந்து சேருவதற்குள் பெண் சாம்பலாகிவிடுவாள். அன்று சனிக்கிழமையாயிருந்தால் பாடையில் ஒரு கோழியைக் கட்ட மாத்திரம் யாரும் மறப்பதில்லை. போலீசுக்குச் சொல்லத்தான் ஒருவருக்கும் ஞாபகம் வருவதில்லை!

இம்மாதிரிச் சாவை விசாரிக்க இங்கிலாந்தில் கொரோனர் என்ற அதிகாரி இருக்கிறார். பம்பாயிலும் 1871-ம் வருஷத்துச் சட்டப்படி ஒருவர் இருந்து, 1999-ல் அந்த உத்தியோகம் எடுபட்டது. நம் ஊர்களில் அவ்வேலை போலீசாருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் உரியது. முன்பு 174-வது பிரிவு என்று சொல்லப்பட்டு, 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் 194-வது பிரிவாக இருப்பது இதுவேயாகும். தற்கொலை, கொலை, மிருகத்தாலோ இயந்திரத்தாலோ விபத்தாலோ நேர்ந்த சாவு, பிறர் குற்றமிருக்குமோ என்று சந்தேகப்படத்தக்க சாவு ஆகிய எதைப்பற்றித் தகவல் வந்தாலும், ஸ்டேஷன் அதிகாரி மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்துவிட்டு நேரில் போய், அக்கம்பக்கத்தார் இரண்டு பேருக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு, உடம்பிலுள்ள காயங்களை எழுதியாக வேண்டும். கலியாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் தற்கொலை செய்துகொண்டாலும், சந்தேகமாகச் செத்தாலும், பிரேதம் டாக்டரிடம் போக வேண்டும்; மாஜிஸ்திரேட் விசாரணையும் உண்டு. நம் பக்கத்தில் இதைத்தான் ஆர்.டி.ஓ. விசாரணை என்கிறார்கள். சந்தேகம் வெளிப்படையாக இல்லாவிட்டாலுங்கூட, அந்த ஏழு வருஷத்துக்குள் செத்த பெண்ணின் உறவினர் யாராவது ஒருவர் பரிசோதனை கேட்டால் போதும். புருஷன் வீட்டாரின் சம்மதம் எதற்கு?

"பிணத்தை அறுத்தால் ஆத்மா சாந்தியடையாது" என்று அழுகிறார்களே, உயிரோடிருந்தபோது நகைக்கும் பணத்துக்கும் அவளைப் பிய்த்துத் தின்றவர்களுக்கு இந்தக் கருணை எங்கிருந்து வந்தது என்று கேட்கின்றோம். ஸ்டவ் வெடித்துச் செத்தாள் என்றால், மூச்சுக்குழலில் புகைக்கரி இருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். இருந்தால் தீப்பிடித்தபோது உயிரிருந்தது என்று அர்த்தம். இல்லையென்றால், கொன்ற பிறகு கொளுத்தினார்களா என்று கேட்க வேண்டி வரும். புதைத்த உடம்பையாவது மாஜிஸ்திரேட் தோண்டியெடுத்துப் பார்க்கலாம். பாஷாணம் வைத்திருந்தால் மயிரிலும் எலும்பிலும் அது நெடுநாள் தங்கும். எரித்த சாம்பலில் எதைப் பார்ப்பது? சாஸ்திரத்தைவிட இந்தச் சௌகரியந்தான் சிலருக்கு அவசரத்தைக் கொடுக்கிறதோ என்னவோ!

பஞ்சாயத்தாராக அழைக்கப்படும் தோழர்களும் போலீசுக்குப் பயந்தோ, மிராசுதார் முகத்துக்காகவோ எழுதினதற்கெல்லாம் கையெழுத்துப் போடக்கூடாது. தாங்கள் கண்ட காயம் காகிதத்தில் இருக்கிறதா என்று வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் வாசலில் நின்று மாரடித்துக்கொண்டிராமல், பாடை கிளம்பும் முன் ஒருவரை ஸ்டேஷனுக்கு அனுப்பி, மனுவை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.