காட்சிமேடையில் எஞ்சின், கணக்கில் வராத கைகள்

நீராவி எஞ்சினைக் கண்டதும் ஆங்கிலேயன் தந்த கொடை என்று உருகுவோர் நம்மிடையே இன்னும் குறையவில்லை. அவர்களுக்குச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் பழைய மீட்டர்கேஜ் பாதையே மறுமொழி கூறும்.

விழுப்புரத்திலிருந்து காட்பாடி, சித்தூர் வழியாகப் பாகாலா சென்று, அங்கே திருப்பதிக்கும் தர்மவரத்துக்குமாகப் பிரிந்த அப்பாதை 1890களின் தொடக்கத்தில் தென்னிந்திய ரயில்வேயின் ஆளுகையில் திறக்கப்பட்டது. கம்பெனி பதிவாகியிருந்ததோ லண்டனில். தொடக்ககால ஆங்கிலேய ரயில் கம்பெனிகளின் முதலுக்கு, வண்டி நட்டத்தில் ஓடினாலும், 5 சதவீத வட்டி உறுதி செய்யப்பட்டிருந்தது. அவ்வட்டியைக் கட்டியது இந்திய உழவனின் வரிப்பணம். கொடை கொடுத்தவர் யார், பெற்றவர் யார்?

திருப்பதிக்கு முடியிறக்கச் சென்ற குடும்பங்களின் கண்ணில் விழுந்த கரித்தூள் இன்று இனிய நினைவாகிவிட்டது. ஃபயர்மேனுக்கு அது நினைவன்று, நுரையீரல். முன்னே உலையின் அனல், பின்னே இரவுக் காற்று. இடையில் நின்று, ஆடும் தளத்தில் கால் ஊன்றி, மணிக்கணக்கில் கரி வாரிப் போட்டவன் அவன். வண்டி ஷெட்டுக்குத் திரும்பிய பின்னும் சாம்பல் வாரவும், பாய்லர் குழாய்களைச் சுத்தம் செய்யவும் வேறு கைகள் காத்திருந்தன.

தென்னிந்திய ரயில்வேயின் பணிமனைகளைப் பொன்மலையில் ஒருங்கிணைத்தபோது கம்பெனி செய்தது ஆட்குறைப்பு. அதை எதிர்த்து எழுந்ததே 1928ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தம். தோழர் சிங்காரவேலர் அதற்காகச் சிறை சென்றார். 1946 செப்டம்பர் 5 அன்று அதே பொன்மலையில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் மாண்டனர். எஞ்சின் வரலாறு எழுதுவோர் உருளையின் விட்டத்தை அங்குலக் கணக்கில் எழுதுகிறார்கள். இந்த ஐவருக்கு அதில் ஒரு வரி இல்லை.

பாதுகாப்பு வேண்டாம் என்பதன்று நம் வாதம். நீலகிரி மலை ரயிலுக்குச் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் ஆலை அன்று செய்தளித்த எக்ஸ் வகைப் பல்சக்கர எஞ்சின்களின் வழியில், 2011 முதல் பொன்மலைத் தொழிலாளர்கள் புதிய எஞ்சின்களையே கட்டி முடித்தனர். பொதுத்துறையின் கைத்திறனுக்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஆனால் 2020 டிசம்பரில் அம்மலை ரயிலைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு வாடகைக்கு விட்டு, ஓர் இருக்கைக்கு 3,000 ரூபாய் வாங்க இடமளித்தது ரயில்வே. யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை விளம்பரத்துக்கு உதவியது. அதைக் கட்டியெழுப்பியோரின் குடும்பங்கள் ஏற முடியாத வண்டியாக அது ஆனது.

1973 ஆகஸ்டில் எஞ்சின் ஓட்டுநர்களும் ஃபயர்மேன்களும் வேலைநிறுத்தம் செய்து, 10 மணி நேரப் பணி வரம்புக்கு ஒன்றிய அரசின் ஒப்புதலைப் பெற்றனர். நீராவி எஞ்சின் மேடையேறிவிட்டது. அந்த வரம்பை முழுமையாக நடைமுறைப்படுத்தக் கோரி, மின்சார எஞ்சின் ஓட்டும் லோகோ பைலட்டுகள் இன்றும் போராட்டக் களத்தில் நிற்கின்றனர்.