அம்மா போட்ட ஃபைல்

ஆபீஸில் ஒரு ஃபைலைத் தேடுவதற்குள் நமக்குப் பாதி ஆயுசு போய்விடுகிறது. ஒன்பது பிள்ளைகளுக்கும் ஃபைல் போட்டு வளர்த்த ஒரு அம்மா இருந்தார், தெரியுமோ?

ரோஸ் கென்னடி. அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடியைப் பெற்றவர். 1890-ல் பாஸ்டனில் பிறந்த ஐரிஷ் கத்தோலிக்கர். பிள்ளைக்கு ஒரு அட்டை. ஞானஸ்நானம் என்றைக்கு, தடுப்பூசி எப்போது, எடை எவ்வளவு, என்ன காய்ச்சல்... சகலமும் பதிவு! நம்ம ஹெட்கிளார்க் பார்த்தால் எழுந்து நின்று கும்பிடுவார்.

பிள்ளைகளோடு வாக்கிங் கிளம்பினால் வழியில் சர்ச்சுக்குள் ஒரு எட்டு. சாமி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமில்லை என்று சின்னதிலேயே புரியணுமாம்.

ஆனால் பாருங்கள்... 1944-ல் மூத்த மகன் போரில் போனார். 1948-ல் ஒரு மகள் விமான விபத்தில். 1963-ல் ஜான், 1968-ல் ராபர்ட், இருவரும் துப்பாக்கிக்கு. எந்த அட்டையிலும் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. ராபர்ட் போனபோது அவருக்குப் பத்துப் பிள்ளைகள், பதினொன்றாவது வயிற்றில். பாட்டி இடிந்து உட்கார முடியுமா? பூசையையும் ஜெபமாலையையும் அவர் விடவில்லை. கொள்ளுப்பேரன்களையும் பார்த்துவிட்டு 1995-ல், 104 வயசில்தான் கண்ணை மூடினார்.

பக்தி துக்கத்தைத் தடுக்காது சார். மறுநாள் காலையில் எழுந்து நிற்க வைக்கும். அது போதாதா?

எந்த வயசில் நமக்கு அம்மை போட்டது என்று நம்ம அம்மாவுக்கு அட்டை பார்க்காமலே தெரியும். அம்மா இப்போ சாப்பிடுகிற பிரஷர் மாத்திரை பேர் என்ன... சொல்லுங்க பார்ப்போம்!